லூர்துசெல்வி சொன்ன பதில்

வேலை கிடைத்துவிட்டது!

லூர்துசெல்வி கவரைப் பிரித்தது ஏற்காடு தபாலாபீஸ் வாசலில். ஊரான தலைச்சோலைக்குத் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவளுக்கு எங்கே பொறுமை? ஒரு வாரமாகவே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி வந்து, "எனக்கு ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?" என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்திருந்தது. பெங்களூர் முத்திரை. கிழித்தாள், படித்தாள், நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். பக்கத்தில் மணியார்டர் பாரம் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் திட்டியதுகூட அவள் காதில் விழவில்லை.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். விளைந்த காபியை எல்லாம் அரசாங்கக் காபி போர்டுக்குத்தான் போட வேண்டும் என்றிருந்த கட்டு தளர்ந்து, சின்ன விவசாயிகள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆன புதுசு. எங்கெங்கிருந்தோ கம்பெனிக்காரர்கள் சேர்வராயன் மலைக்கு மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு பெங்களூர் கம்பெனி, தமிழ்நாட்டு விவசாயிகளுக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் போட்டது. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, பி.ஏ.வையும் தபால் வழியாகவே படித்து முடித்திருந்த செல்வி, சேலத்தில் நடந்த இன்டர்வியூவுக்குப் போனாள். மேனேஜர் உத்தய்யா குடகுக்காரர். "லெட்டர் எல்லாம் நீங்களே யோசிச்சு எழுதணும். யாரும் சொல்லித் தர மாட்டாங்க. முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். முடியுமாவாம்! அன்றிலிருந்து அவள் தூக்கத்தில்கூடக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

குதித்து முடித்து, இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. டைப்பிஸ்ட்.

மூன்றாம் தடவையும் படித்தாள். தங்களை டைப்பிஸ்டாக நியமிப்பதில் மகிழ்ச்சி, உடனே சம்மதம் தெரிவிக்கவும் என்றுதான் போட்டிருந்தது. இன்டர்வியூவில் பேசிய வேலையைப் பற்றி மூச்சே இல்லை. அடப்பாவிகளா! வாய்க்குள் வைத்த லட்டில் கல் கடிபட்டால் எப்படி இருக்கும்? துப்பவும் மனசு வராது, விழுங்கவும் முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்தக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் அதெல்லாம் யாருக்கு? "வேலை" என்ற ஒரு சொல்லோடு அம்மா சவேரியம்மாளின் காது அடைத்துக்கொண்டது. கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "எங்க தாயே, எம்புள்ளைக்குக் கண்ணத் தொறந்துட்ட!" என்று கண்ணைத் துடைத்தவள், அடுத்த மூச்சில், "பெங்களூருல நொம்பக் குளிருமாமே, இவளுக்கு ஆகுங்களா?" என்று புருஷனைக் கேட்டாள். ஏற்காட்டு மூடுபனியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பெங்களூர் குளிருமாம்!

அப்பா மரியஜோசப் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகை, மூட்டைக் கணக்கு, முதலாளி பெயரில் போகிற கடிதம் எல்லாம் அவர் கையெழுத்துதான். கடிதத்தைப் படித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டோடு பெட்டியிலிருந்து நல்ல தாளாக ஒன்றை எடுத்துவைத்து, தன் இங்கிலீஷில் பதில் எழுதத் தொடங்கிவிட்டார். அவருடைய இங்கிலீஷ் ஒரு தனி தினுசு. வரிக்கு வரி குனிந்து கும்பிடும். மாட்சிமை தங்கிய ஐயா என்று ஆரம்பித்து, தங்கள் பாதங்களில் பணிந்து, தங்கள் கருணையை என் ஆயுள் முழுக்க மறவாமல் என்று போய்க்கொண்டே இருந்தது.

செல்வி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, நான் வேலைக்குப் போறனுங்களா, வேண்டுதலைக்குப் போறனுங்களா?"

"மரியாதை கண்ணு, மரியாதை. பெரிய எடத்துக்கு எழுதறோம்."

"மரியாதை இருக்கட்டுங்கப்பா. மொதல்ல இதப் பாருங்க, டைப்பிஸ்டுன்னு போட்டிருக்குது. நான் போனது கடுதாசி எழுதற வேலைக்கு."

"அதனால என்ன சாமி? உக்காந்து பாக்கற வேலைதானே ரெண்டும்?"

"அது அடுத்தவங்க சொல்றத அடிக்கற வேலைங்கப்பா. இது நானா எழுதற வேலை."

அவள் தன் பதிலைத் தானே எழுதினாள். இங்கிலீஷில் மூன்றே வரி. உங்கள் கடிதத்துக்கு நன்றி. இன்டர்வியூவில் நீங்கள் சொன்னது விவசாயிகளுக்குக் கடிதம் எழுதும் வேலை. அந்த வேலை என்றால் மகிழ்ச்சியோடு சேர்கிறேன், தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள். அவ்வளவுதான். மரியஜோசப் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமாவது ஒரு கும்பிடு இருக்குமா என்று.

"வர்ற லட்சுமிய எட்டி ஒதைக்கறயே கண்ணு!" என்று அலறினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் வாயில் அன்றைக்கு லட்சுமி வந்தாள் என்றால், மனிதர் எந்த அளவுக்குக் கலங்கியிருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்வி அசையவில்லை. மறுநாள், தான் டைப் படித்த கடை வீதி இன்ஸ்டிட்யூட்டில் அந்த மூன்று வரியை டைப் அடித்துத் தபாலில் போட்டுவிட்டாள். தபால் பெட்டிக்குள் கைவிட்டுத் திரும்ப எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதில் தபாலில் வரவில்லை. போனில் வந்தது.

தலைச்சோலை வீட்டில் ஏது போன்? விண்ணப்பத்தில், கூப்பிட்டால் ஆள் விட்டுச் சொல்லும் பி.பி. நம்பர் என்று கடை வீதியில் இருக்கும் பொன்னுவேல் எஸ்.டி.டி. பூத் நம்பரைக் கொடுத்திருந்தாள். பொன்னுவேல் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டார்: "பெங்களூருலேர்ந்து நாலு மணிக்கு மறுபடி கூப்புடறாங்களாம், ரைட்டர் புள்ளைய வரச் சொல்லுங்க." கண்டக்டர் அதைத் தலைச்சோலையில் மட்டும் சொல்லியிருக்கலாம். வழியில் இருந்த ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவும் மகளும் போய்ச் சேர்ந்தபோது பூத் வாசலில் டீ குடிக்கிற சாக்கில் அரைக் கடை வீதி நின்றிருந்தது.

மணி அடித்தது. பொன்னுவேல் ரிசீவரைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

"மிஸ் செல்வி? நான் உத்தய்யா. தமிழ்லயே பேசலாம், நான் இப்ப தமிழ் கத்துட்டிருக்கேன்," என்றது குரல். அப்புறம் சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். கடிதம் எழுத ஒரு சீனியர் ஆளைப் போடலாம் என்று டைரக்டர் நினைக்கிறாராம். அவர் சொல்லச் சொல்ல செல்வி டைப் அடித்தால் போதுமாம். "நல்ல கம்பெனிம்மா. வந்து சேருங்க. கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பாப்போம். என்ன சொல்றீங்க?"

செல்வி மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வந்தாள். ஆனால் பாருங்கள், இங்கிலீஷில் அத்தனை கறாராக எழுதியவளுக்குத் தமிழில் வாய் எழவில்லை. பெரிய மனுஷர், அன்பாக வேறு கூப்பிடுகிறார், அவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிடுவதா? அந்த மலையில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் அவளுக்குத் தெரிந்த முறையில் மறுத்தாள்.

"பாக்கலாமுங்க சார்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இவ்வளவு தூரம் கூப்புட்டதே நொம்ப சந்தோசமுங்க சார். அப்ப நான் வர்றனுங்க."

ரிசீவரை வைத்துவிட்டாள்.

பூத்தில் ஒருத்தருக்கும் சந்தேகமே இல்லை. மறுத்துவிட்டாள்! மரியஜோசப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "போச்சு. எல்லாம் போச்சு," என்றார். பொன்னுவேல் அவருக்கு ஒரு டீ சொன்னார். "உடுங்க ரைட்டரே, புள்ள நாசூக்காத்தான் சொல்லுச்சு, அவரு மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை சொல்லல," என்று தேற்றினார். கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்ற பயமும், சொல்லிவிட்டோமே என்ற பெருமையும் சேர்ந்து, பஸ்ஸில் வரும்போது செல்விக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது.

தந்தி என்றதும் சவேரியம்மாள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று வாயில் அடித்துக்கொண்டு வந்தாள். செல்வி பிரித்துப் படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாவின் அழுகை பாதியில் நின்றது. "நீங்கள் வருவது அறிந்து மகிழ்ச்சி. டைப்பிஸ்ட் வேலை. திங்கட்கிழமை சேரவும். தங்க அறை தயார். உத்தய்யா."

"நான் எப்பங்க வர்றன்னு சொன்னேன்?" என்றாள் செல்வி.

"சொன்னயே கண்ணு!" மரியஜோசப் துள்ளி எழுந்தார். "வர்றனுங்கன்னு சொன்னயா இல்லையா? எங்காதால கேட்டனே!"

"அது போய்ட்டு வர்றேன்னு சொன்னதுங்கப்பா! போன வெக்கறப்ப வேற என்னன்னு சொல்றது?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியலையே! எல்லாம் மாதா செயல். பேசாம பொட்டியக் கட்டு."

செல்விக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் ஆசையும் வந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்? அறை தயார் என்கிறார்கள். பெங்களூர். திங்கட்கிழமை. ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் போதும், கேட்பார் இல்லை. அவள் நிஜமாகவே கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்துவிட்டாள்.

அப்போதுதான் அப்பா, சந்தோஷத்தில் வாய் நிற்காமல், "அந்தக் கம்பெனிக்காரங்க பாவம், இப்படித்தான் எதையும் வெளங்கிக்கறதில்லை போலிருக்குது," என்றார். "போன வாரம் காபி ஏத்தறதுக்குக் கரடியூருக்கு லாரி உட்டிருந்தாங்களாம். ஐயாக்கண்ணு ஒரு மூட்டைகூடப் போடலயாம். டிரைவரு மலையையே திட்டிக்கிட்டு வெறும் லாரிய ஓட்டிட்டுப் போனானாம்."

"ஐயாக்கண்ணண்ணன் அவங்களுக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தாருங்களா?"

"எங்க சொன்னாரு? ஆகட்டுங்க பாக்கலாமுங்கன்னுதான் சொல்லியனுப்பிச்சாராம்."

பெட்டியை அப்படியே போட்டுவிட்டுச் செல்வி பேனாவைத் தேடினாள்.

இந்தத் தடவை மூன்று வரி இல்லை. ஒரு முழுப் பக்கம். எழுத எழுதக் கை தானாக ஓடியது. ஐயா, நான் வருவதாகச் சொல்லவில்லை, விடைபெற்றுக்கொண்டேன் என்று தொடங்கினாள். எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, போகிறவர்கள் எல்லாரும் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். பார்க்கலாம் என்றால் மாட்டேன், ஆனால் உங்கள் மனசு நோக வேண்டாம் என்று அர்த்தம். கரடியூரில் ஆகட்டும் பார்க்கலாம் என்று சொன்னவரும் உங்களை ஏமாற்றவில்லை. அவர் முடியாது என்று சொன்னார், நீங்கள் லாரி அனுப்பினீர்கள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த இந்தக் குழப்பத்தில் பாதித் தவறு என்னுடையது, ஆகையால் இப்போது நேராகவே சொல்கிறேன். டைப்பிஸ்ட் வேலையை என்னால் ஏற்க முடியாது. விவசாயிகளுக்குக் கடிதம் எழுதும் வேலை என்றால் திங்கட்கிழமை காலை உங்கள் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் இருப்பேன்.

மரியஜோசப் படித்தார். கத்தப்போகிறார் என்று செல்வி காத்திருந்தாள். மனிதர் இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"இத யாரும் சொல்லித் தரலியே கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"என்னைய எல்லாரும் ரைட்டரு ரைட்டருங்கறாங்க," என்றார். "இத்தன வருசத்துல மொதலாளி சொல்லாத ஒரு வார்த்தைய நான் எழுதினதில்லை. எழுதறதுக்கு எனக்கும் என்னென்னவோ இருந்துச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தபாலு திங்கக்கெழமைக்குள்ள போய்ச் சேராது. பொன்னுவேலு புதுசா பேக்ஸ் மெசின் வாங்கியிருக்கறான். விடிஞ்சதும் போலாம்," என்றார்.

இந்தக் கூத்தை நானும் பார்க்கிறேன் என்று சவேரியம்மாளும் பஸ் ஏறினாள். பூத்தில் நிற்க இடமில்லை என்று பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடித்த தாளைப் பொன்னுவேல் இரண்டு கையாலும் வாங்கினார். மெஷின் வாங்கி ஒரு மாசமாகியும் யாரும் அதில் எதையும் அனுப்பவில்லை; இதுதான் போணி. தாளைச் சொருகினார், நம்பரை அமுக்கினார். மெஷின் கீச்சென்று கத்தியது. தாள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து விழுந்தது.

"என்னுங்க, இங்கயே வந்துருச்சு? போகலீங்களா?" என்றார் மரியஜோசப்.

பொன்னுவேலுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி சொருகினார். மறுபடியும் வந்து விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், தாள் தடிமன், அதான் கம்பிக்குள் போக மாட்டேன் என்கிறது என்று காரணமும் சொன்னார். மூன்றாம் தடவை சொருகும்போது போன் மணி அடித்தது.

"மிஸ் செல்வி இருக்காங்களா? ஒரு தடவை அனுப்பினா போதும்னு சொல்லுங்க!" உத்தய்யாவின் குரல் வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது.

செல்வி ரிசீவரை வாங்கினாள். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம்.

"கரடியூர் ஐயாக்கண்ணு 'ஆகட்டுங்க'ன்னு சொன்னாரு. அப்ப அது?"

"மாட்டேன்னு அர்த்தமுங்க சார்."

"இன்னொருத்தர், பேரு சித்தன், 'ஊட்டுல கேட்டுச் சொல்லி உடறனுங்க'ன்னாரு. ரெண்டு வாரமா காத்துட்டிருக்கோம்."

"அதுவும் மாட்டேன்தானுங்க சார்."

"அடக் கடவுளே! 'சரிங்க'ன்னா?"

"அத எப்படிச் சொன்னாருங்கறதப் பொறுத்துதானுங்க சார்."

உத்தய்யா சிரித்தார். அடக்கமாட்டாமல், இருமி இருமிச் சிரித்தார். "டைரக்டர் இங்கதான் பக்கத்துல இருக்காரு. உங்க லெட்டரை ரெண்டு காப்பி வெச்சு ரெண்டு பேரும் படிச்சுட்டோம். சீனியர் ஆளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த வேலை உங்களுக்குத்தான். சம்மதமா?"

சம்மதமா! அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"வேலை பேரைப் போட்டு எழுத்துல அனுப்பிருங்க சார். பாத்துட்டு ஒடனே பதில் எழுதறனுங்க."

மரியஜோசப் தலையில் கைவைத்துக்கொண்டார். "எம்புள்ள என்னைய உசுரோட உடமாட்டா," என்று முனகினார். பொன்னுவேல் ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு மெஷினையே பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் போனதோ, மெஷின் தானாகவே கீச்சிட்டது. இந்தத் தடவை யாரும் தாள் சொருகவில்லை. உள்ளே இருந்து ஒரு புதுத் தாள், சூடாக, நெளிந்து நெளிந்து எட்டிப் பார்த்தது. கம்பெனி பெயர் வந்தது, செல்வி பெயர் வந்தது, அப்புறம் வரி வரியாக. தமிழ்நாட்டு விவசாயிகள் கடிதப் பிரிவு, பொறுப்பாளர். அப்பா அதை உரக்கப் படித்தார். ஒரு தடவை இங்கிலீஷில், ஒரு தடவை தமிழில், பிறகு டீக்கடைக்காரர் கேட்டார் என்று இன்னொரு தடவை.

செல்வி அதே தாளின் கீழே எழுதினாள். "இந்த வேலையை ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமை சேருகிறேன். நன்றி." கையெழுத்துப் போட்டாள். தாள் மெஷினுக்குள் போய் மறுபக்கம் விழுந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னால் யாரோ வாழ்த்துச் சொன்னார்கள், யாரோ மிட்டாய் கேட்டார்கள். அவள் நிற்கவில்லை. கடை வீதி முழுக்கத் தாவணி பறக்க ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா எழுந்து நின்றாள். "என்ன கண்ணு, கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுங்கம்மா! கடுதாசி எழுதற வேலை!"

"அது கெடக்குது, யாரு சொல்லச் சொல்ல நீ எழுதோணும்?"

செல்விக்கு மூச்சு வாங்கியது. சேலம் பஸ் புறப்படுகிற இரைச்சலுக்கு மேலே, அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவள் கத்தினாள்:

"யாருமே சொல்ல மாட்டாங்கம்மா! நானேதானுங்க!"